ஏர்பிரஷுக்கு எந்தக் கம்ப்ரஸர்? தருமபுரி, கிருஷ்ணகிரிக்காரர்களுக்கான கேள்வி பதில்

மாடல் கார், விமான பொம்மை, கொலு பொம்மை, ஹெல்மெட், பைக் டேங்க், கேக் என்று எதில் ஏர்பிரஷ் (காற்றால் பெயின்டைத் தூவும் பேனா போன்ற கருவி) பிடித்தாலும் முதல் சந்தேகம் அதற்குக் காற்று தரும் கம்ப்ரஸரில்தான் வரும். பொதுவான விவரங்களோடு நம் பக்கத்து வெயில், கிரானைட் தூசு, போர்வெல் தண்ணீர், வோல்டேஜ் ஆகியவற்றையும் கணக்கில் எடுத்து இங்கே பதில் சொல்லியிருக்கிறோம்.

வாங்கும்போது முதலில் பார்க்க வேண்டியது எது?

நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் காற்று தருகிறது என்பதை. பெட்டி மேல் பெரிய எழுத்தில் போட்டிருப்பது உச்ச அழுத்தம். 100 பி.எஸ்.ஐ., 120 பி.எஸ்.ஐ. (சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு அழுத்தம்) என்று இருக்கும். அந்த எண்ணால் நமக்குப் பயன் மிகக் குறைவு. ஏர்பிரஷ் வேலை பெரும்பாலும் 15 முதல் 30 பி.எஸ்.ஐ.க்குள் முடிந்துவிடும். அந்த அழுத்தத்தில் 0.3 மி.மீ. நாசில் (பெயின்ட் வெளிவரும் முனை) போட்ட ஏர்பிரஷ் நிமிடத்துக்குச் சுமார் 10 முதல் 15 லிட்டர் காற்றைச் சாப்பிடும். 0.5 நாசில் என்றால் இன்னும் கொஞ்சம் கூடுதலாக வேண்டும். ஆகவே 20 லிட்டருக்குக் குறையாமல் தரும் கம்ப்ரஸராகப் பாருங்கள்.

விளம்பரத்தில் வரும் லிட்டர் கணக்கு பெரும்பாலும் எதிர் அழுத்தமே இல்லாமல் அளந்தது. அழுத்தம் ஏற ஏற காற்று குறையும். 20 லிட்டர் என்று போட்டிருப்பது 30 பி.எஸ்.ஐ.யில் அதே 20 லிட்டரைத் தராது. அதனால்தான் தேவை 12 லிட்டர் என்றால் 20 லிட்டர் மெஷின் கேட்கிறோம்.

பி.எஸ்.ஐ., பார், கிலோ என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எது சரி?

எல்லாமே சரி. 1 பார் என்பது 14.5 பி.எஸ்.ஐ. பஞ்சர் கடையிலும் பட்டறையிலும் சொல்லும் "ஒரு கிலோ பிரஷர்" என்பது சதுர சென்டிமீட்டருக்கு ஒரு கிலோ, அதாவது 14.2 பி.எஸ்.ஐ. ஒன்றரை கிலோ வைத்தால் ஏறக்குறைய 21 பி.எஸ்.ஐ. வரும். பட்டறை கம்ப்ரஸர்களில் காற்றின் அளவை சி.எஃப்.எம். (நிமிடத்துக்கு இத்தனை கன அடி) என்று போட்டிருப்பார்கள். 1 சி.எஃப்.எம். என்பது நிமிடத்துக்கு 28.3 லிட்டர்.

எந்த வேலைக்கு எவ்வளவு அழுத்தம்?

நன்றாகக் கரைத்த அக்ரிலிக் பெயின்டில் மெல்லிய கோடு இழுக்க 10 முதல் 15 பி.எஸ்.ஐ. பொதுவான பூச்சுக்கு 20 முதல் 25. பிரைமருக்கு (முதல் அடிப்பூச்சுக்கு) 25 முதல் 30. டி-ஷர்ட்டில் துணி பெயின்ட் அடிக்க 40 முதல் 60 வரை தேவைப்படும், ஏனென்றால் அந்தப் பெயின்ட் கெட்டியானது, நூலுக்குள்ளும் இறங்க வேண்டும். கேக்குக்கு 10 முதல் 20 போதும்.

டிரிகரை அழுத்திக் காற்று ஓடும்போதுதான் அழுத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் ரெகுலேட்டரைத் திருகி அளவு வைக்க வேண்டும். சும்மா இருக்கையில் 25 காட்டும் அழுத்தமானி (கேஜ்), டிரிகரை அழுத்தியதும் 18க்கு இறங்கலாம். அந்த 18தான் உங்கள் அழுத்தம். "25 வைத்தும் புள்ளி புள்ளியாக விழுகிறது" என்று சொல்பவர்களில் பலர் இந்த இடத்தில்தான் தவறுகிறார்கள்.

டேங்க் அவசியமா? டேங்க் இல்லாதது விலை குறைவாக இருக்கிறதே?

இங்கத்திய வெயிலுக்கு டேங்க் உள்ளதையே வாங்குங்கள். ஆனால் அது எதற்கு என்று தெரிந்து வாங்குங்கள். சிறிய ஏர்பிரஷ் கம்ப்ரஸர்களில் வருவது 3 லிட்டர் டேங்க். ஏ.எஸ். 186 என்ற வகைப் பெயரில் பல முத்திரைகளில் விற்கும் மெஷின் இந்த இனம்தான். சுமார் 3 பாரில் மோட்டார் ஓடத் தொடங்கி 4 பாரில் நிற்கும். 4 பாரிலிருந்து ஒன்றரை பாருக்கு இறங்கும்வரை அந்த டேங்க் தரும் காற்று 3 × 2.5 = 7.5 லிட்டர். நிமிடத்துக்கு 12 லிட்டர் இழுக்கும் ஏர்பிரஷுக்கு அது 40 விநாடிக்குக்கூட வராது. ஆகவே அதை ஒரு சேமிப்புக் கிடங்காக நினைக்கக் கூடாது.

பிறகு எதற்கு? முதலாவது, துடிப்பை விழுங்க. ஒற்றை பிஸ்டன் மெஷின் காற்றை விட்டு விட்டுத் தள்ளும். டேங்க் இல்லாவிட்டால் அந்தத் துடிப்பு ஹோஸ் வழியே நாசிலுக்கு வந்து மெல்லிய கோட்டில் திட்டுத் திட்டாகத் தெரியும். இரண்டாவது, மோட்டாருக்கு ஓய்வு. டேங்க் நிறைந்ததும் மோட்டார் நிற்கும், சூடு ஆறும். டேங்க் இல்லாத மெஷின், நீங்கள் வண்ணம் கலக்கும் நேரத்திலும் ஓடிக்கொண்டே இருக்கலாம். மூன்றாவது, காற்று ஆறித் தண்ணீர் பிரிய ஓர் இடம்.

உண்மையாகவே காற்றைச் சேமிக்க வேண்டும் என்றால் 24 லிட்டர் டேங்கைப் பாருங்கள். 8 பாரிலிருந்து 3 பாருக்கு இறங்கும்போது அது 120 லிட்டர் தரும். பத்து நிமிடம் மோட்டார் சத்தமே இல்லாமல் அடிக்கலாம்.

ஏப்ரல், மே மாதங்களில் மெஷின் கால் மணி நேரத்தில் நின்றுவிடுகிறது. பழுதா?

பெரும்பாலும் பழுது இல்லை. மோட்டாருக்குள் இருக்கும் வெப்பத் துண்டிப்பான் வேலை செய்கிறது. தருமபுரியில் வெளியே 38 டிகிரி என்றால், ஆஸ்பெஸ்டாஸ் கூரை போட்ட மாடி அறையில் அதைவிடக் கூடுதலாக இருக்கும். எண்ணெய் இல்லாத சிறிய பிஸ்டன் மெஷின் தன் சூட்டைச் சுற்றியிருக்கும் காற்றில் தள்ளித்தான் பிழைக்கிறது. அந்தக் காற்றே சுட்டால் அதற்குப் போக்கிடம் இல்லை.

செய்ய வேண்டியது: மெஷினை மேசைக்கு அடியில், அட்டைப் பெட்டிக்குள், துணி போர்த்தி வைக்காதீர்கள். தரையில், சுவரிலிருந்து ஓர் அடி தள்ளி வைத்து, சிறிய டேபிள் ஃபேனை அதன் சிலிண்டர் தலைக்கு நேராகத் திருப்புங்கள். தேவைக்கு மேல் அழுத்தம் ஏற்றாதீர்கள். டேங்க் இல்லாத மெஷின் என்றால் 20 நிமிடம் ஓட்டி 15 நிமிடம் நிறுத்துங்கள். முடிந்தால் கோடையில் வேலையைக் காலை பத்து மணிக்கு முன் வைத்துக்கொள்ளுங்கள். இது பெயின்டுக்கும் நல்லது. மதிய வெயிலில் அக்ரிலிக் ஊசி முனையிலேயே காய்ந்துவிடும்.

டேங்க் உள்ள மெஷினும் நிற்காமல் ஓடினால் வேறு காரணம் தேடுங்கள். எங்கோ காற்று கசிகிறது, இல்லையென்றால் பிஸ்டன் வளையம் தேய்ந்துவிட்டது.

தண்ணீர் எங்கிருந்து வருகிறது? நம் ஊர் வறண்ட ஊர்தானே?

வறண்ட ஊரிலும் வரும், கணக்குப் போட்டே பார்க்கலாம். மழைக்காலத்தில் 30 டிகிரி வெப்பம், 70 சதவீத ஈரப்பதம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு கன மீட்டர் காற்றில் சுமார் 21 கிராம் நீராவி இருக்கும். நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுக்கும் மெஷின் ஒரு மணி நேரத்தில் 1,200 லிட்டர் காற்றை, அதோடு 25 கிராம் நீராவியை உள்ளே எடுக்கிறது. அதை 4 பாருக்கு அழுத்தி மீண்டும் 30 டிகிரிக்கு ஆறவிட்டால், அந்தச் சுருங்கிய காற்றால் தாங்க முடிவது 7 கிராம் மட்டுமே. மீதி 18 கிராம், மூன்றரை டீஸ்பூன், தண்ணீராக விழும். சித்திரை வெயிலில் 38 டிகிரி, 30 சதவீத ஈரப்பதம் என்றாலும் அதே கணக்கில் ஒரு டீஸ்பூன் தண்ணீர் வரும். நீர் பிரிப்பான் இல்லாமல் ஆண்டின் எந்த மாதத்திலும் அடிக்க முடியாது.

காற்று ஆறும் இடத்தில்தான் தண்ணீர் விழும், இதை மறக்க வேண்டாம். சிலிண்டரை விட்டுச் சூடாக வெளியேறும் காற்று, ரெகுலேட்டரோடு சேர்ந்த பிரிப்பானைச் சூடாகவே கடந்துபோய், பிறகு ஹோஸில் ஆறினால் தண்ணீர் ஹோஸுக்குள் விழும். பிரிப்பான் சுத்தமாக இருக்க, ஏர்பிரஷ் மட்டும் துப்பும். இதற்கு இரண்டு வழி உண்டு. 3 மீட்டர் ஹோஸ் போட்டு, ஏர்பிரஷுக்கு ஓர் அடி முன்னால் சிறிய பிரிப்பான் ஒன்றைக் கூடுதலாக மாட்டலாம். இல்லையென்றால் டேங்கிலேயே காற்று ஆறும் அளவுக்கு நிறுத்தி நிறுத்தி வேலை செய்யலாம். ஐப்பசி மழையில் இரண்டையும் செய்யுங்கள்.

சந்தேகம் இருந்தால் பெயின்ட் ஊற்றாமல் வெறும் காற்றை ஒரு கண்ணாடித் துண்டின் மேல் ஒரு நிமிடம் அடித்துப் பாருங்கள். துளி விழுந்தால் தண்ணீர். விழாமல் வண்ணம் மட்டும் துப்பினால் காய்ந்த பெயின்டோ, சரியாகக் கரைக்காத பெயின்டோ, வளைந்த ஊசியோ காரணம். பெயின்ட் கப்பில் குமிழி வந்தால் நாசில் தளர்ந்திருக்கிறது அல்லது வெடித்திருக்கிறது. அதற்கும் கம்ப்ரஸருக்கும் சம்பந்தம் இல்லை.

டேங்கை எத்தனை நாளைக்கு ஒருமுறை வடிக்க வேண்டும்?

வேலை முடிந்த ஒவ்வொரு நாளும். டேங்கின் அடியில் ஒரு திருகு இருக்கும். சுமார் 10 பி.எஸ்.ஐ. மிச்சம் வைத்துக்கொண்டு, மெஷினை அந்தத் திருகு பக்கம் சற்றுச் சாய்த்துத் திறங்கள். காற்றே தண்ணீரைத் தள்ளிவிடும். செம்பழுப்பாக வந்தால் உள்ளே துரு பிடித்திருக்கிறது.

பஞ்சர் கடையில் இருப்பது போன்ற கம்ப்ரஸர் வீட்டில் இருக்கிறது. அதையே பயன்படுத்தலாமா?

காற்று தாராளமாக வரும், தடை இல்லை. ஆனால் மூன்று சிக்கல்களைச் சரிசெய்ய வேண்டும். அது எண்ணெயில் ஓடுவது. காற்றோடு எண்ணெய்த் துகளும் வரும், பூச்சில் மீன்கண் போல வட்ட வட்டமாகப் பெயின்ட் விலகும். எண்ணெய் பிரிக்கும் ஃபில்டர் தேவை. அடுத்து, அதன் ரெகுலேட்டர் 0 முதல் 150 அல்லது அதற்கு மேலும் காட்டும். அதில் 18க்கும் 22க்கும் வித்தியாசம் முள்ளின் தடிமன் அளவுதான். 0 முதல் 60 வரை காட்டும் சிறிய ரெகுலேட்டரை இரண்டாவதாக மாட்டுங்கள். மூன்றாவது, அங்கே வாய் கால் இஞ்சு, ஏர்பிரஷ் ஹோஸில் 1/8 இஞ்சு. இரண்டு அளவையும் இணைக்கும் ரெட்யூசர் வாங்க வேண்டும்.

சத்தம் தனிக் கதை. சிறிய ஏர்பிரஷ் மெஷின் 50 டெசிபலை ஒட்டி இருக்கும். பட்டறை மெஷின் 80, 90ஐத் தொடும். பத்து டெசிபல் கூடினாலே காதுக்கு இரண்டு மடங்காகக் கேட்கும். ஓசூரில் பொதுச் சுவர் கொண்ட வாடகை வீட்டில் இரவு ஷிஃப்ட் முடித்துத் தூங்குபவர் பக்கத்தில் இருந்தால் பகலிலும் இதை ஓட்ட முடியாது.

பல் மருத்துவமனைகளில் பயன்படும் எண்ணெய் இல்லாத, சத்தம் குறைந்த வகை இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கிறது. அரை முதல் முக்கால் குதிரைசக்தி, 24 லிட்டரை ஒட்டிய டேங்க், பட்டறை மெஷினைவிடப் பெரிதும் குறைவான சத்தம். பொழுதுபோக்கைத் தாண்டி ஆர்டர் எடுத்து ஹெல்மெட், பைக் டேங்க் அடிப்பவர்களுக்கு எங்கள் பரிந்துரை இதுதான்.

பழைய ஃபிரிட்ஜ் கம்ப்ரஸரில் செய்து தருகிறேன் என்கிறார்கள். சத்தமே இல்லையாமே?

சத்தம் இல்லை என்பது உண்மை. ஆனாலும் வேண்டாம் என்றே சொல்வோம். ஃபிரிட்ஜுக்குள் இருக்கும் வாயு சில மாடல்களில் ஆர் 600ஏ, அதாவது ஐசோபியூட்டேன். சமையல் வாயு போலத் தீப்பிடிக்கும். குழாயை வீட்டில் வெட்டுவது ஆபத்து. மேலும் அந்த மோட்டார் எதிர் அழுத்தத்தோடு மீண்டும் கிளம்பத் திணறும், அழுத்தத்தை வெளியேற்றும் வால்வு தனியாக வைக்க வேண்டும். எண்ணெயும் காற்றோடு வரும். எல்லாவற்றுக்கும் மேல், டேங்காகப் பழைய தீயணைப்பு சிலிண்டரையோ கேஸ் சிலிண்டரையோ பற்றவைத்துக் கொடுப்பார்கள். பற்றவைப்பு சோதிக்கப்படாத டேங்க் வெடித்தால் இரும்புத் துண்டு பறக்கும். இதில் மிச்சமாகும் பணம் அதற்கு ஈடாகாது.

யூ.எஸ்.பி.யில் சார்ஜ் ஏறும் கையடக்க மெஷின்? கார் டயர் பம்ப்? மீன்தொட்டி பம்ப்?

கையடக்க மெஷின் ஏறக்குறைய 20, 25 பி.எஸ்.ஐ. வரை தரும். பலவற்றில் நுணுக்கமான ரெகுலேட்டர் கிடையாது. கேக், நகப் பூச்சு, சிறிய பொம்மை என்றால் பழகிப் பார்க்கலாம். பிரைமர் அடிக்கத் திணறும். டயர் பம்ப் துடிப்போடு காற்று தரும், பத்துப் பதினைந்து நிமிடத்தில் சூடாகிவிடும். மீன்தொட்டி பம்புக்கு ஏர்பிரஷ் ஓட்டும் அழுத்தமே கிடையாது.

மாலையில் வோல்டேஜ் இறங்கும்போது மோட்டார் உறுமுகிறது, சுற்றவில்லை.

உடனே சுவிட்சை அணையுங்கள். சுற்றாமல் நிற்கும் மோட்டார் ஓடும்போது இழுப்பதைவிடப் பல மடங்கு மின்சாரம் இழுக்கும், சில நிமிடத்தில் அதன் கம்பிச் சுற்று (காயில்) கருகிவிடும். டேங்கில் அழுத்தம் இருக்கும்போது மட்டும் இப்படி நடந்து, காலியாக இருக்கும்போது நன்றாகக் கிளம்பினால், காற்றைத் திரும்ப விடாமல் தடுக்கும் நான்-ரிட்டர்ன் வால்வில் அழுக்கு சேர்ந்திருக்கிறது. டேங்க் காற்று திரும்பி வந்து பிஸ்டன் தலையில் உட்கார்ந்திருக்கிறது. வால்வைக் கழற்றித் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். காலி டேங்கிலும் உறுமினால் கெப்பாசிட்டர் அல்லது வோல்டேஜ்.

மெல்லிய வயர் போட்ட நீளமான எக்ஸ்டென்ஷன் பாக்ஸையும் தவிருங்கள், அதிலேயே வோல்டேஜ் இறங்கும். காற்று தூரமாக வேண்டும் என்றால் ஹோஸை நீட்டுங்கள், வயரை நீட்டாதீர்கள்.

மின்வாரியப் பராமரிப்பு நாளில் இன்வெர்ட்டரில் ஓட்டலாமா?

1/6 குதிரைசக்தி மெஷின் என்பது சுமார் 125 வாட் மோட்டார். அது மின்சாரத்திலிருந்து இழுப்பது அதைவிடக் கூடுதல், கிளம்பும் கணத்தில் பல மடங்கு. சைன் வேவ் இன்வெர்ட்டர் என்றால் மற்ற சுமையைக் குறைத்துவிட்டு ஓட்டலாம். ஸ்கொயர் வேவ் வகையில் மோட்டார் இரையும், சூடாகும். அதில் தொடர்ந்து ஓட்டாதீர்கள்.

ஓசூர் உயரமான ஊர் என்பதால் காற்று குறையுமா?

குறையும், ஆனால் கவலைப்படும் அளவுக்கு இல்லை. ஓசூர் கடல் மட்டத்துக்கு மேல் கிட்டத்தட்ட 900 மீட்டர். அங்கே காற்றழுத்தம் சுமார் 10 சதவீதம் குறைவு. 20 லிட்டர் மெஷினை 18 என்று நினைத்துக்கொள்ளுங்கள். குளிர்ச்சியான ஊர் என்பதால் மோட்டாருக்கு அங்கே சுகம்தான்.

கிரானைட் பட்டறைக்குப் பக்கத்தில் வீடு. தனியாக ஏதாவது செய்ய வேண்டுமா?

காற்று உள்ளே போகும் வாயில் இருக்கும் ஃபெல்ட் ஃபில்டரை மாதம் ஒருமுறை பாருங்கள். கிரானைட் மாவு உள்ளே போனால் பிஸ்டன் வளையத்தை உப்புத்தாள் போலத் தேய்க்கும். ஃபில்டர் அடைத்தாலும் தொல்லை: மெஷின் மூச்சுத் திணறி டேங்க் நிறைய நேரமாகும், சூடும் ஏறும். ஃபெல்ட் சாம்பல் நிறமானால் மாற்றிவிடுங்கள். அதே காரணத்துக்காக மெஷினை வண்ணம் அடிக்கும் இடத்திலும் வைக்காதீர்கள். பறக்கும் பெயின்ட் தூளை அது இழுத்துக்கொள்ளும். தின்னர் ஆவி சூழ்ந்த இடத்தில் சுவிட்சின் பொறி தீயையே கிளப்பலாம்.

பெயின்ட் கரைக்கக் குழாய்த் தண்ணீர் போதுமா? இது கம்ப்ரஸர் கேள்வி இல்லைதான்.

கம்ப்ரஸரைக் குறை சொல்ல வைப்பதே இதுதான், அதனால் சொல்லிவிடுகிறோம். நம் மாவட்டங்களில் பல ஊர்களில் போர்வெல் தண்ணீர் உப்புக் கனமானது. அதில் கழுவி உலர்ந்த நாசிலில் வெள்ளைப் படிவம் உட்காரும். 0.2 மி.மீ. துளையில் அது பாதி அடைப்பு. காற்று வருகிறது, வண்ணம் வரவில்லை என்று அழுத்தத்தைக் கூட்டிக்கொண்டே போவீர்கள். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர் வரும் வீட்டில்கூட, கடைசியாகக் கழுவவும் கரைக்கவும் பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரையே வைத்துக்கொள்ளுங்கள்.

ஹோஸ் மாட்டும்போது அளவு சேரவில்லை.

பெரும்பாலான ஏர்பிரஷ்களின் வாய் 1/8 இஞ்சு பி.எஸ்.பி. (பிரிட்டிஷ் குழாய் அளவு) மரை. பேட்ஜர், பாஷே போன்ற அமெரிக்க முத்திரைகளுக்குத் தனி மரை உண்டு, அடாப்டர் வேண்டும். வலுக்கட்டாயமாகத் திருகினால் பித்தளை மரை அழிந்துவிடும். ஓ-ரிங்கோ வாஷரோ உள்ள இணைப்புக்கு டெஃப்லான் டேப் தேவையில்லை, கையால் இறுக்கினால் போதும். மற்றவற்றுக்கு இரண்டு மூன்று சுற்று டேப் சுற்றுங்கள். முதல் மரையை விட்டுவிட்டுச் சுற்றினால் டேப் துணுக்கு உள்ளே போகாது. கிருஷ்ணகிரி, ஓசூர் நியூமேட்டிக் கடைகளில் கேட்டுப் பாருங்கள். கிடைக்காத அடாப்டருக்குப் பெங்களூர் எஸ்.பி. ரோடு இருக்கிறது. போகும்போது ஏர்பிரஷையே கையில் கொண்டுபோங்கள், வாயால் அளவு சொல்லி வாங்காதீர்கள்.

செகண்ட் ஹேண்ட் மெஷினை எப்படிச் சோதிப்பது?

டேங்கை முழுதாகக் காலி செய்யச் சொல்லி, கைபேசியில் நேரம் வைத்து ஓட்டுங்கள். 3 லிட்டர் டேங்க் 4 பாருக்கு நிறைய 12 லிட்டர் காற்று வேண்டும். 20 லிட்டர் மெஷின் அதை ஒன்று, ஒன்றரை நிமிடத்தில் முடிக்க வேண்டும். மூன்று நிமிடத்தைத் தாண்டினால் வளையம் தேய்ந்திருக்கிறது. நிறைந்து நின்றதும் பிளக்கைப் பிடுங்கி அரை மணி நேரம் கேஜைப் பாருங்கள். முள் கண்ணுக்குத் தெரிய இறங்கினால் சோப்பு நுரையை ஒவ்வொரு இணைப்பிலும் தடவி, குமிழி வருவது எங்கே என்று கண்டுபிடியுங்கள். இணைப்பில் என்றால் டேப்பால் தீரும், டேங்கின் பற்றவைப்பில் என்றால் எழுந்து வந்துவிடுங்கள். சேஃப்டி வால்வின் வளையத்தை இழுத்துக் காற்று சீறுகிறதா என்றும், அடித்திருகில் துரு நீர் வருகிறதா என்றும் பாருங்கள்.

கேக்குக்கும் மாடலுக்கும் ஒரே மெஷின் போதுமா?

எண்ணெய் இல்லாத மெஷின் என்றால் கம்ப்ரஸர் ஒன்று போதும். ஏர்பிரஷும் ஹோஸும் கண்டிப்பாக வேறு வேறு. லாக்கர் பெயின்ட் ஓடிய ஏர்பிரஷை எவ்வளவு கழுவினாலும் உணவுக்குப் பயன்படுத்தக் கூடாது. காற்று வழியில் 5 மைக்ரான் ஃபில்டர் ஒன்று வையுங்கள்.

முகமூடி எது போட வேண்டும்?

தண்ணீரில் கரையும் அக்ரிலிக்குக்கு என்-95, கூடவே திறந்த ஜன்னல். தின்னரில் கரையும் பெயின்டுக்கு என்-95 போதாது. அது தூளைத் தடுக்கும், ஆவியைத் தடுக்காது. கரிம ஆவிக்கான கார்ட்ரிட்ஜ் உள்ள மாஸ்க் வேண்டும். ஹார்ட்னர் கலந்து அடிக்கும் 2கே பெயின்டில் ஐசோசயனேட் இருக்கிறது, ஆஸ்துமாவைக் கொண்டுவரும். அதை வீட்டில் அடிக்கவே வேண்டாம்.

சில மாதம் பயன்படுத்தாமல் வைக்க வேண்டியிருந்தால்?

டேங்கை வடித்து, அடித்திருகைத் திறந்தபடியே இரண்டு நாள் விட்டு உலரவிடுங்கள். ரெகுலேட்டர் குமிழை முழுதாகத் தளர்த்துங்கள், இறுக்கியே வைத்தால் உள்ளிருக்கும் டயாஃப்ரம் தளர்ந்துபோகும். பிரிப்பானின் பிளாஸ்டிக் கிண்ணத்தைச் சோப்புத் தண்ணீரில் மட்டும் கழுவுங்கள். தின்னர் பட்டால் விரிசல் விட்டு, அடுத்த முறை அழுத்தம் ஏறும்போது உடையும். மாதம் ஒருமுறை இரண்டு நிமிடம் வெறுமனே ஓட்டி மீண்டும் வடித்து வையுங்கள்.